முதலில் தெரிகிற முகம்

டயர்கடைக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்தாறு வருஷம் ஊர்ச் சேவைச் சங்கத்துக்கே போய்விட்டது. அவர் செயலாளர். ரத்ததானமோ கண் முகாமோ, நோட்டீஸ் அடிப்பது, வேன் பிடிப்பது, நாற்காலி போடுவது எல்லாம் அவர்தான். போட்டோ எடுப்பதும் அவரே என்பதால், சங்க அறைச் சுவரில் ஒரு படத்தில்கூட அவர் இல்லை.

இந்த வருஷமாவது தலைவர் ஆக்குவார்கள் என்று புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார். ஆக்கியது மருந்துக்கடைக்காரரை. சங்கத்தில் சேர்ந்து இரண்டே வருஷம். நேற்று முளைத்த காளான். பெயரை அறிவித்தபோது எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் டயர்கடைக்காரர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். வயிறு அப்படி எரிந்தது.

அன்றிலிருந்து அந்த ஆள் எது செய்தாலும் குற்றம்தான். மெதுவாகப் பேசினால் நடிப்பு, சீக்கிரம் வந்தால் விளம்பரம். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

"டயர்ல ஊசி குத்தினாக்கூட கண்டுபிடிக்கிறீங்க. அந்த மனுஷன்கிட்ட உருப்படியா ஒரு குறை சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தார்.

"எப்பப் பாத்தாலும் இருமுறான்" என்றார்.

கண் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷனுக்கு மறுநாள் காலை முதல் நோயாளிக்குக் கட்டுப் பிரிக்கும்போது தலைவர் எதிரே நிற்பார். பார்வை திரும்பியதும் முதலில் தெரிவது அவர் முகம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவார்கள். தலைவர் வராவிட்டால் செயலாளர் நிற்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தலைவராவது வராமல் இருந்ததுண்டா? இல்லவே இல்லை.

கட்டுப் பிரிப்பது எட்டரை மணிக்கு. மருந்துக்கடைக்காரரிடம் டயர்கடைக்காரர் ஒன்பதரை என்று சொன்னார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடக் குழறாதது அவருக்கே ஆச்சரியம்.

காலையில் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கேமராவை நர்ஸிடம் கொடுத்து, எந்த பட்டனை அழுத்துவது என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். முதல் கட்டிலில் ஒரு தையல்கார அம்மா. ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஒரு வருஷமாக மெஷினை மூடி வைத்திருந்தவர். வீட்டுக்கே போய் வேனில் ஏற்றி வந்தவர் டயர்கடைக்காரர்தான். டாக்டர் கட்டைப் பிரித்தார். டயர்கடைக்காரர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, தெரியுதா?" என்று அவரே கேட்டார்.

அந்த அம்மா கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுது ஐயா. வேன்ல கூட்டிட்டு வந்தவங்கதானே, குரலை வச்சே சொல்லிடுவேன். நேத்து நான் பயந்து நடுங்கினப்ப ஒருத்தர் என் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாரே, அடிக்கடி இருமுவாரு. அவரு எங்க? அவரு முகத்தைத்தான் முதல்ல பாக்கணும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவர் வரட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். நர்ஸ் கேமராவைத் தாழ்த்தினாள். நேற்று அந்த நேரத்தில் டயர்கடைக்காரர் வாசலில் நின்று, பேனரில் தன் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் டயர்கடைக்காரர் போனை எடுத்தார்.

"தலைவரே, உடனே வாங்க. எட்டரைக்குத்தான் பிரிக்கிறாங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் முதலில் இருமல்தான் கேட்டது.

"தெரியும் அண்ணே. நீங்க அடிச்ச நோட்டீஸ்லயே எட்டரைன்னு இருக்கே. நான் எட்டு மணிக்கே வந்துட்டேன், கீழதான் உக்காந்திருக்கேன். ஒரு படத்துலயாவது நீங்க நிக்கட்டும்னு நெனச்சேன்."

நன்றி சொல்லியிருக்கலாம். மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். "மேல வாங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். அடுத்தவர் படத்தில் நிற்கட்டும் என்று நினைக்க அந்த ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் தனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

மாடிப்படியில் இருமல் சத்தம் கேட்டது. அந்த அம்மா கண்ணை மூடியபடியே சிரித்தார். டயர்கடைக்காரர் நர்ஸிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு, கட்டிலின் எதிரே தலைவருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.