கப்ளிங் படித்த அக்கா

எங்கள் ஊரான தேவாரத்தில் கப்ளிங் என்றால் ஒரே பொருள்தான். மோட்டாரையும் பம்பையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தட்டு. என் தம்பி அங்கே மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நான் மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். "அக்கா என்னத்துல ஆராய்ச்சி?" என்று கேட்டவர்களிடம் அவன், நான் சொல்லிக் கொடுத்த 'கிராஸ் கப்ளிங்'கில் முன்பாதியை முழுங்கிவிட்டு, "கப்ளிங்ல" என்று சொல்லிவைத்தான். தெரியாமல் செய்தான் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

அதன் பலன் எனக்குத்தான். விடுமுறையில் வந்து கடையில் உட்கார்ந்தால் போதும், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கையில் கிரீஸோடு வந்து நிற்பார்.

"ஆத்தா, கப்ளிங்ல டாக்டருக்குப் படிக்கிறியாம்ல. நம்ம கப்ளிங்ல ரப்பர் புஷ்ஷு மாசத்துக்கு ஒருக்கா தேஞ்சு போகுது. என்னான்னு பாரு."

நான் முறைப்பேன். தம்பி ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் குனிந்து சிரிப்பான்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவனுக்குப் பாடமே எடுத்தேன். இரண்டு கார்பன்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. ஒன்றில் புரோமினைக் கட்டி, மற்றதில் போரானைக் கட்டி, பல்லேடியம் என்ற உலோகத்தில் ஒரு சிட்டிகை போட வேண்டும். பல்லேடியம் இரண்டு கார்பனையும் தன்மேல் இழுத்துப் பிடித்து, ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, தான் கழன்றுகொள்ளும்.

"அப்ப நம்ம கப்ளிங் மாதிரி இல்லையேக்கா. நம்மளது நடுவுலயேல்ல கெடக்கும்."

"இது கெடக்காது. வேல முடிஞ்சதும் வெளிய வந்துரும். அதுக்குப் பேருதான் கேட்டலிஸ்ட்."

"பாவம்," என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கழற்றப் போய்விட்டான்.

உண்மையில் பாவம் நான்தான். ஐந்து மாதமாக அந்த இரண்டு கார்பன்கள் ஒட்டவே இல்லை. காலையில் மஞ்சளாகப் போடும் பல்லேடியத் தூள் மாலைக்குள் குடுவையில் கரிப்பொடியாகக் கிடக்கும். கேட்டலிஸ்ட்தான் கெட்டது என்று புது புட்டி கேட்டேன். அதுவும் கறுத்தது. விலையில் தங்கத்தோடு போட்டி போடுகிற சரக்கு அது. மூன்றாவது புட்டி கேட்டபோது என் ஆய்வு நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மார்ச்சோட உதவித்தொகை முடியுதும்மா. அதுக்குள்ள ஒட்டலைன்னா தலைப்ப மாத்திக்குவோம்."

தலைப்பை மாற்றினால் நான்கு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளி. ஊரில் அம்மாவும் அதே மார்ச்சுக்குத்தான் மாப்பிள்ளை ஜாதகங்களோடு காத்திருந்தார். தலைப்பு போனால் படிப்பும் அதோடு போய்விடும். எனக்குப் பயமாக இருந்தது. அதை வெளியே சொல்லத் தெரியாமல் கண்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன்.

மாசி மாதத்தில் தம்பி மதுரைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வந்தவன், அம்மா கொடுத்துவிட்ட முறுக்குத் தூக்குவாளியோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். நெறியாளர் சாப்பிடப் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். காற்றுப் பட்டால் கேட்டலிஸ்ட் கெட்டுவிடும், அதனால் நைட்ரஜன் வாயுவை விட்டுத்தான் செய்கிறேன், அப்படியும் கெடுகிறது என்றேன்.

"கேட்டலிஸ்ட்டு நல்லாத்தான் இருக்கும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"தண்ணி ஏறலைன்னா எல்லாரும் மோட்டாரத்தான் வைவாக. முக்காவாசி மோட்டார்ல ஒண்ணும் இருக்காது. எங்கனயாச்சும் பைப்புல காத்து இழுக்கும். சாணியக் கரைச்சு ஊத்துனா அடைச்சுக்கும். கொண்டாரவா?"

"லேப்புல சாணியா? போடா வெளிய."

அவன் போகவில்லை. கை கழுவும் இடத்திலிருந்த சோப்பைக் குழைத்து, சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயில் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தான். குடுவைக்குப் பக்கத்தில், குழாயை இறுக்கும் திருகின் அடியில், என் கண்ணுக்கு ஐந்து மாதமாகத் தெரியாத ஒரு வெடிப்பில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"இங்கன," என்றான்.

அவ்வளவுதான். அந்த முனையை அறுத்துவிட்டுக் குழாயைத் திரும்பச் சொருகினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முறுக்கைத் தாளில் கொட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மூன்றாம் நாள் கார்பன்கள் ஒட்டின. வடிகட்டியபோது, வேலையை முடித்துவிட்ட பல்லேடியம் கறுப்பாகத் தாளிலேயே நின்றுவிட்டது. நெறியாளர் முகம் மலர்ந்து, "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார். தேவாரத்துப் பம்பு மெக்கானிக் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன் சார்," என்றேன். 'பாத்தான்' என்பதைப் 'பாத்தேன்' ஆக்கிய எழுத்து இருக்கிறதே, அந்த ஒன்றில் என் தம்பியை முழுசாக மறைத்துவிட்டேன்.

பட்டம் வந்தது. ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. நெறியாளர், துறைத்தலைவர், சிலிண்டர் தூக்கி வந்த உதவியாளர், இறைவன் எல்லோரும் இருந்தார்கள். 'என் குடும்பத்தினர்' என்று பொதுவாக ஒரு சொல்லும் இருந்தது. தம்பி ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டான். மோட்டாருக்காகக் காத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை. அவர் வரிவரியாகச் சொல்லி முடித்தார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்ப்பா."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "சரிதான். வேல முடிஞ்சதும் வெளிய வந்துரணும். அதுதானக்கா கேட்டலிஸ்ட்டு?"

கேலிதான். அவன் முகத்தில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து அதே திராட்சைத் தோட்டக்காரர் தேய்ந்த புஷ்ஷோடு வந்தார். "ஆத்தா, டாக்டராயிட்டியாமே! இப்பவாச்சும் சொல்லு."

இந்த முறை நான் முறைக்கவில்லை.

"அவன்ட்ட கேளுங்க பெரியப்பா. மதுரையில எங்க லேப்புக் கப்ளிங்க சரி பண்ணுனதே எந்தம்பிதான். அவன் வரலைன்னா நான் பாஸாயிருக்க மாட்டேன்," என்றேன், வாத்தியாருக்கும் கேட்கும்படி.

தம்பி ஸ்பேனரைத் தேடி மேசைக்கடியில் குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. ஸ்பேனர் மேசைமேல்தான் இருந்தது.