தம்பியின் நேர்த்திச் சேவல்

தம்பிக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அவன் மனைவி முருகனுக்கு ஒரு சேவல் வளர்ப்பதாக நேர்த்திக்கடன் வைத்தாள். கொல்லக்கூடாது, விற்கக்கூடாது. டொரோண்டோவுக்குள் சேவல் வளர்க்க அனுமதியில்லை. முருகன் பெயரைச் சொன்னாலும் விலக்கு இல்லை. அதனால் டோர்செட் பார்க் அடுக்குமாடியை விட்டு ஒஷாவாவுக்கு அப்பால் குடிபோனார்கள்.

அங்கே முதல் மாரிக் குளிரிலேயே தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, உடனை வாங்கோ. சேவலின்ரை கொண்டை நுனி வெளுத்துப் போச்சு. இவள் கண்டாளெண்டால் எனக்குத்தான் ஏதோ வரப்போகுது எண்டு அழுவாள்."

கூட்டைப் பார்த்ததும் விளங்கியது. எம்மவர்கள் குளிருக்குப் பயந்து யன்னலை ஒட்டி மூடுவதுபோல, அவனும் கூட்டைப் பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி, இடுக்குகளில் தான் உடுத்துப் பழசான சாரங்களைத் திணித்திருந்தான். மூச்சும் எச்சமும் விடும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொண்டையில் படிந்து உறைந்திருந்தது. போதாக்குறைக்குத் தலையிடித் தைலம் வேறு தேய்த்திருந்தான். கட்டடப் பரிசோதகராய் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இப்படியொரு தம்பி!

"கூரைக்குக் கீழை ஓட்டை போடு."

"காத்து வந்தால் குளிராதே அக்கா?"

"குளிரட்டும். அதின்ரை தலைக்கு மேலாலை போற காத்து ஒண்டும் செய்யாது. ஈரந்தான் கடிக்கிறது."

இதைச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். அப்போதும் ஒருவரும் நம்பியதில்லை.

சேவலைச் சலவை அறைக்குக் கொண்டுவந்தோம். இளஞ்சூட்டு நீரில் நனைத்த துவாய்த் துணியால், தேய்க்காமல் ஒற்றினேன். தம்பி தலைமயிர் உலர்த்தும் ட்ரையரோடு வந்தான், திருப்பி அனுப்பினேன். அடுத்துக் கத்தரிக்கோலோடு வந்தான்.

"நுனியை வெட்டிவிட்டால் இவளுக்குத் தெரியாது."

"தொடாதை. கறுத்துத் தானாய் விழும். அதுவரைக்கும் கீழை இருக்கிற தோலுக்கு அதுதான் மூடி. திரும்பக் குளிருக்கை விட்டியோ, முழுக் கொண்டையும் போயிடும்."

அந்நேரம் அவன் மனைவி வேலையால் வந்து வாசலில் நின்றாள்.

"உது என்ரை துவாய் எல்லோ?" என்றவள், பிறகுதான் கொண்டையைக் கண்டாள். தம்பி சலவை இயந்திரத்தின் பொத்தான்களை ஆராயத் தொடங்கினான்.

"மச்சாள், தப்புமே?"

"ஓம். நுனி போகும், சேவல் நிக்கும்."

அவள் குனிந்து கொண்டையைப் பார்த்தாள். "அப்ப, இவருக்கு வர இருந்ததை அது வாங்கிக்கொண்டுட்டுது."

ஈரப்பதம் பற்றி விளக்க வாயெடுத்தேன். தம்பியின் முகத்தில், அறுவைக்குப் பிறகு நான் காணாத ஒரு நிம்மதி. விளக்கத்தை விட்டுவிட்டுத் தேநீர் கேட்டேன்.

சலவை இயந்திரத்தில் சாய்ந்தபடி மூவரும் பிளேன்ரீ குடித்தோம். சேவல் நடுவில் நின்று துவாயில் எச்சமிட்டது. அவள் துவாயை இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டாள். இப்போதும் நான் இருக்கும் மில்லிக்கனில் முதல் பனி விழும்போது, என் மனம் அந்தச் சலவை அறைக்குத்தான் போகிறது.