பாதி வேலையாக அனுப்ப வேண்டிய துப்பாக்கி

எங்கள் ஷூ கம்பெனியின் ஜெனரல் மேனேஜருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரியாது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் அவருக்குக் கீழே லெட்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். பள்ளிகொண்டா தாண்டினாலே அவர் முகம் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும்.

எங்கள் சரக்கில் பெரும்பகுதியை வாங்கியவர் ஓர் அமெரிக்கக் கிழவர். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, ஷூவை முறுக்கித் தையலைச் சோதிப்பார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஷூவை மறந்துவிட்டு என்னிடம் துப்பாக்கிப் படங்களைக் காட்டுவார். குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற பழங்காலத் துப்பாக்கிகள். நம் மலைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த இனம். அவர் ஊரில் அதன் பாகங்களைத் தனித்தனியாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். இழைக்காத கட்டை, மெருகு போடாத குழல், பூட்டாத விசை. மாசக்கணக்கில் உட்கார்ந்து அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, தானே ஒவ்வொன்றாகப் பொருத்துவாராம். சுட்டுப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். சுடுவதில் என்ன இருக்கிறது என்றார்.

கடைசியாக வந்தபோது அவர் கையில் டீ கோப்பை ஆடியது. நடுக்கம் இனி ஜாஸ்தியாகத்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கை சொன்னபடி கேட்கிறவரைக்கும் இன்னும் ஒரே ஒரு துப்பாக்கி செய்துவிட வேண்டும் என்றார். கேட்டலாக்கைப் புரட்டி, இருப்பதிலேயே சாதாரணமான, எல்லா வேலையும் பாக்கி இருக்கிற ஒரு பெட்டியின் படத்தைக் காட்டினார். நான் படங்களை ரசிப்பதைப் பார்த்து அந்தப் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சில மாதங்களில் அவர் ஓய்வு பெறப்போவதாக ஃபேக்ஸ் வந்தது. என்ன பரிசு கொடுக்கலாம் என்று மீட்டிங் போட்டார்கள். நல்ல பேர் வாங்கும் ஆசையில் கேட்டலாக்கைக் கொண்டுபோய் நீட்டியது நான்தான்.

ஜெனரல் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர், மெர்ச்சண்டைசர். துப்பாக்கியை சினிமாவில் மட்டும் பார்த்த மூன்று பேர், தோலை அமுக்கிப் பார்க்கிற அதே கட்டைவிரலால் படங்களை அமுக்கிப் பார்த்தார்கள். "கட்டையில ஷைனிங் கம்மி" என்றார் ஒருவர். "இது தேய்க்கவே இல்ல, ரிஜெக்ட் பீஸு" என்றார் இன்னொருவர். ஜெனரல் மேனேஜரின் விரல் வெள்ளியில் பூங்கொடி பதித்த ஒன்றின்மேல் போய் நின்றது. கல்யாண மண்டப வாசலில் மாட்டத் தோதான சாமான்.

"இதையே அந்தக் கடைக்காரன பூட்டி, பாலிஷ் போட்டு அனுப்பச் சொல்லிடு" என்றார். "சரக்கு வாங்குற பையருக்குப் போயி பாதி வேலையா அனுப்பறதா? சோல் ஒட்டாம ஷூ அனுப்புவோமா நாம?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தொழில் புத்தி அது. முடிக்காத சரக்கு கேட்டைத் தாண்டினால் கம்பெனி மானம் போய்விடும். ஆள் எதற்காக ஆசைப்படுகிறான் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

ஒரு சம்பிரதாயத்துக்கு ஜெனரல் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, உன்னாண்டதான பேசுவாரு. அவுருக்கு எது புடிக்கும்?"

என் வேலையை நிரந்தரமாக்குகிற காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. "நீங்க சொல்றதே நல்லா இருக்கும் சார்" என்றேன். அவர்களாவது தெரியாத முட்டாள்கள். நான் தெரிந்தே சொன்னேன். ஆர்டர் லெட்டரில் பூட்டி அனுப்பச் சொல்லும் அந்த ஒரு வரியை விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் பிழையில்லாமல் டைப் அடித்தேன். அந்த வாரமே என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது.

கிழவரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஜெனரல் மேனேஜர் அதைக் கண்ணாடி போட்டு ரிசப்ஷனில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் தன் தேர்வைப் பற்றி விளக்கினார். காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கும்.

பிறகு ஒருநாள், பழைய ஷிப்மெண்ட் பேப்பர் ஒன்றைக் கேட்டுக் கிழவரே ஆபீசுக்கு போன் செய்தார். நான் எடுத்தேன். துப்பாக்கி ரொம்ப அழகு, சுவரில் மாட்டியிருக்கிறேன் என்றார். சும்மா ஒரு முறை கழற்றி மாட்டலாமா என்று பார்த்தாராம், அதற்குள் விரல் திருகாணியைப் பிடிக்கவில்லையாம்.

"அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். நீயாவது எனக்காக எடுத்துச் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும்" என்றார்.

"ஆமாம் சார், சொன்னேன்" என்றேன்.