தூறலில் மோட்டார் போடச் சொன்ன சேவியர்

சேவியர் இறந்துவிட்டான்.

காலையில் செல்வம் போன் செய்தான். எங்களோடு வேலை பார்த்த ஃபிட்டர் செல்வம். "பாய், நம்ம சேவியர் போய்ட்டான் பாய்" என்றான். "டேய், காலங்காத்தால விளையாடாத" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டே இருந்தான்.

படுக்கப் போகும்போது நெஞ்சை அடைக்குது என்று சொன்னானாம். கேஸ் ட்ரபிள் என்று ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான். அவ்வளவுதான்... விடிந்து எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மரக்காணத்தில் அடக்கம். நான் கத்தாரில் உட்கார்ந்திருக்கிறேன். சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "அண்ணனா, தம்பியா?" என்றார். ஃப்ரெண்ட் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

லீவு கொடுத்தாலும் நான் போய்ச் சேர்வதற்குள் மண் போட்டு மூடியிருப்பார்கள். அதுவும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

அவனைத் தெரியாதவர்களுக்கு... திண்டிவனத்தில் ஒரு சொட்டு நீர் பாசனக் கம்பெனியில் அவன் சைட் எஞ்சினீயர், நான் சேல்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே பைக். நான் பேசிப் பேசி விவசாயியைச் சம்மதிக்க வைப்பேன், அவன் வந்து பைப் போட்டுக் கொடுப்பான். எல்லாம் தர்பூசணிக் கொல்லைகள்.

அவனிடம் ஒரு கிறுக்கு உண்டு. நாலு துளி தூறினால் போதும், வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனை எடுத்துவிடுவான். "அண்ணே, மழை தூறுது, மோட்டாரப் போடுங்க!"

"ஏம்பா, மழை பெய்யறப்ப எவனாச்சும் தண்ணி வுடுவானா? உன்ன எந்தக் காலேஜ்ல படிக்க வெச்சாங்க?" என்று அந்தப் பக்கம் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். மரக்காணம் பக்கமெல்லாம் உப்பளத்தை ஒட்டின நிலம், கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. சொட்டு நீர் விட விட அந்த உப்பு வேரை விட்டு விலகி ஓரத்தில் போய்ப் படியும். பெருமழை பெய்தால் நல்லது, எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். சின்னத் தூறல்தான் வினை. ஓரத்து உப்பைக் கரைத்துத் திரும்ப வேருக்கே கொண்டுவந்து விடும். அந்த நேரத்தில் மோட்டார் ஓடி உப்பை மறுபடி ஓரத்துக்குத் தள்ளினால்தான் செடி பிழைக்கும்.

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்! ஆனால் எங்கள் ஊரில் தூறல் விழுந்ததும் முதலில் மோட்டாரை நிறுத்தத்தான் ஓடுவார்கள். கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது, என்ன செய்ய?

அப்படி நிறுத்தின ஒருவர் காய் பிடிக்கிற நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார். இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடக்கிறது. "உங்க பைப்பாலதான்டா எல்லாம் போச்சு" என்று குதித்தார். நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன், சேவியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வுடு பாய். அவரே நொந்து போயிருக்காரு."

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. உப்பளத்துப் பக்கம் ஓர் அக்கா. புருஷன் இல்லை, அந்த நிலத்தை வைத்துத்தான் குடும்பம். கிணறு வருஷத்துக்கு வருஷம் கரித்துக்கொண்டே போகிறது, சொட்டு நீர் போட்டால் சரியாகுமா என்று கேட்டுக் கூப்பிட்டிருந்தார்.

சேவியர் உப்பு பார்க்கிற மீட்டரைத் தண்ணீரில் விட்டான். பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி விட்டான். வேறு பக்கெட்டில் மொண்டுவரச் சொல்லி அதிலும் விட்டான். நம்பர் மாறிவிடுமா?

"இந்தத் தண்ணிக்கு நான் என்ன போட்டாலும் செடி நிக்காதுக்கா. வேணாம், வுட்ருங்க."

"அப்ப நான் என்னா பண்றது, சொல்லுப்பா?"

அவன் குனிந்து மீட்டரைப் பைக்குள் வைத்தான். அந்த அக்கா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும்போது கிளியனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் ஏதோ ஜோக் அடித்தேன், அவன் சிரிக்கவில்லை. "கடல் கிணத்துக்குள்ள வருது பாய். நான் வெறும் பைப்பு போடுறவன். நான் என்னத்தப் பண்ணுவேன்?" என்றான். கண்ணெல்லாம் தண்ணீர். டீக்கடையில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

நான் இங்கே வந்த பிறகும் ஊரில் தூறினால் வாய்ஸ் மெசேஜ் வரும். "பாய், தூறுது!" அவ்வளவுதான் மெசேஜே. இந்தப் பாலைவனத்தில் அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா...

மத்தியானம் செல்வம் வீடியோ காலில் வந்தான், கல்லறைத் தோட்டத்திலிருந்து. ஊரில் ஒரு வாரமாக அடைமழை. குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது.

"டீசல் எஞ்சின் வெச்சு இறைச்சுக்கிட்டே இருக்கோம் பாய். நிறுத்துனா ஏறிடுது."

சேவியரின் மனைவி ஸ்டெல்லா மழையில் நனைந்தபடி நின்றிருந்தார். "அவரத் தண்ணியிலயா வைக்கப் போறீங்க?" என்று ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா பண்றது பாய், நீயாச்சும் சொல்லு" என்றான் செல்வம்.

நான் என்னத்தைச் சொல்வேன்? தண்ணீர் விஷயம் எதுவானாலும் நாங்கள் சேவியருக்குத்தான் போன் போடுவோம். "இறைச்சுக்கிட்டே இருங்கடா" என்று சொன்னேன். வேறு என்ன தெரியும் எனக்கு, யா அல்லா...

இப்போது செல்வத்திடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. ஜெபம் காதில் விழ வேண்டும் என்று எஞ்சினை நிறுத்தினார்களாம். ஃபாதர் வேக வேகமாகத்தான் சொன்னாராம். அதற்குள் குழியில் தண்ணீர் முழங்கால் அளவு ஏறிவிட்டதாம்.

பெட்டி மிதந்ததாம். மணல் மூட்டையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மண்ணைத் தள்ளினார்களாம்.

சேவியர்... பிடிக்கக்கூட நான் இல்லையேடா.

போய் வா.