சீப்பின் கடைசி எழுத்து

1997 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. எழும்பியதும் துவாயை எடுத்துக்கொண்டு குளியலறை வரிசையில் நின்றேன். குளித்து, சவரம் செய்து, பிளேன்ரீ குடித்தேன். வெள்ளவத்தையில் கடலோரத்து ஒழுங்கையில் உள்ள இந்த லொட்ஜில் எல்லா நாளும் எனக்கு இப்படித்தான் தொடங்கும். இன்னமும் பழகாதது ஒன்றுதான். ஊரில் இந்த நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தேவாரம் கேட்கும். இங்கே அறைக்கு அறை, வளர்ந்த ஆண்கள் இங்கிலிஷ் சொற்களைப் பாடமாக்குகிறார்கள். லாம் என்றால் ஆட்டுக்குட்டி. லிம், கை கால். டூம், கல்லறை. வூம், கருப்பை. நம், விறைத்தது. டம், ஊமை.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். அங்கே குண்டுபோடும் விமானத்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்து நடந்தோம். இங்கே வாயைப் பார்த்து நடக்கிறோம். பஸ்ஸில் தமிழ் கதைக்கவேண்டாம் என்று லொட்ஜ் முதலாளி, அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், முதல் நாளே சொல்லிவிடுவார். பின்னேரங்களில் எல்லோரும் ஒரே மாஸ்ரரிடம் இங்கிலிஷ் படிக்கப் போகிறோம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அந்தக் கிழமை அவர் எடுத்தது எம், பீ என்ற இரண்டு எழுத்திலும் முடியும் சொற்களை. ஒருவரும் கேட்டிராத சொற்களையெல்லாம் தேடிப்பிடித்து வந்திருந்தார். ஜாம் என்றால் கதவுநிலையின் பக்கக்கால். சக்கம் என்றால் தாங்கமாட்டாமல் விழுந்துபோதல். ஹெக்கற்றோம் என்றால் பழைய கிரேக்கர் நூறு மாடுகளை ஒன்றாக வெட்டிக் கொடுத்த பலி, இப்போது எந்தப் பெருங்கொலைக்கும் பொருந்தும். அந்தச் சொல் எங்களுக்கு உதவும் என்று எங்கள் லொட்ஜில் இருக்கும் தவம் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

சிரிப்பு வந்தது அடுத்த வசனத்துக்கு. “பீ எழுத்தில நிக்கும், வாயில வரக்கூடாது. பீயை விழுங்கோணும்,” என்றார் மாஸ்ரர். வகுப்பே குலுங்கியது. என் அறைத்தோழன் மகாலிங்கம் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றான். சங்கானைக்காரன், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை நடத்தியவன். “நான் விழுங்கமாட்டன் சேர். வாசிக்கத்தானே எழுதி வைச்சிருக்கு,” என்றான். சீப்புக்கு உரிய இங்கிலிஷ் சொல்லை மாஸ்ரர் ‘கோம்’ என்று சொல்ல, அவன் ‘கொம்ப்’ என்றே திருப்பிச் சொன்னான். “உமக்குக் கொம்பு முளைச்சிட்டுது. இரும் கொம்பன்,” என்றார் மாஸ்ரர். அன்றிலிருந்து லொட்ஜில் அவனுக்கு அதுதான் பெயர். அப்படியென்றால் கொழும்பு என்று இங்கிலிஷில் எழுதும்போது பீ ஒலிக்கிறதே என்று நான் கேட்டேன். அதற்குப் பின்னால் ஓர் உயிரெழுத்துத் துணை நிற்கிறது, துணை இல்லாததுதான் வாயை மூடவேண்டும் என்றார்.

மகாலிங்கம் இங்கிலிஷ் படித்தது மகளுக்காக. கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு மனைவி ரொறன்ரோ போனாள். இப்போது தொலைபேசியில் மகள் இங்கிலிஷில் கேட்பது அவனுக்கு விளங்காது, அவன் சொல்வது அவளுக்கு விளங்காது. மனைவி அனுப்பிய கனடா விசா விண்ணப்பத்துக்கு இன்ரவியூ புதன் காலை எட்டு மணிக்கு வைத்திருந்தார்கள். போகத் தவறினால் விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அதனால் செவ்வாய் காலை ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அருச்சனை செய்யப் போனான். நானும் கூடப் போனேன். திரும்பும்போது கொட்டாஞ்சேனை நடைபாதைக் கடையொன்றில் நின்றான். கடைக்கார முஸ்லிம் பெரியவர் எங்கள் முகத்திலேயே விஷயத்தைப் படித்துவிட்டார்.

“இன்ரவியூக்குத்தானே? அப்ப நல்ல சீப்பா எடுங்க தம்பி. வகிடு நேரா இருந்தாத்தான் வெள்ளைக்காரன் சொல்றத நம்புவான்.”

மகாலிங்கம் சிரித்துக்கொண்டே உறையோடு ஒரு கறுத்த சீப்பை வாங்கிக் காற்சட்டைப் பையில் வைத்தான்.

பஸ் பாதி வழியில் சோதனைச் சாவடியில் நின்றது. எல்லோரையும் இறக்கினார்கள். தடவிப் பார்த்த ஆமிக்காரனின் கை அந்தப் பையில் நின்றது. “மே மொகத்த?” என்றான். இது என்ன என்று கேட்கிறான் என்பது சிங்களம் தெரியாத மகாலிங்கத்துக்கும் விளங்கியது. தமிழில் சொல்லக்கூடாது. ஆகவே இங்கிலிஷில், ஓர் எழுத்தும் விடாமல், சத்தமாகச் சொன்னான்.

“கொம்ப்.”

குண்டுக்குச் சிங்களத்தில் போம்ப. சனம் சிதறி ஓடியது. மகாலிங்கம் தார் றோட்டில் முகம் குப்புறக் கிடந்தான், பிடரியில் சப்பாத்து. சீப்புக்குரிய சிங்களச் சொல் எனக்குத் தெரியும். பனாவ, மாத்தயா, பனாவ என்று கத்தினேன். துவக்குப் பிடியால் விலாவில் ஓர் இடி விழுந்தது. பிறகு அதிகாரி வந்து ஒரு தடியால் காற்சட்டைப் பையைக் கிளறி, சீப்பை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். தொப்பியைக் கழற்றி, அந்தச் சீப்பாலேயே தன் தலையை வாரினார். ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்த பஸ் சனமும் சிரித்தது. முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அந்த இங்கிலிஷ் சொல்லில் ஓர் எழுத்தைச் சொல்லாமல் விடவேண்டும், இவன் விடவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். சீப்பு என்பது தனக்கும் கண் இருப்பதால் தெரியும், ஆனால் இவன் வாயில் முதலில் வந்தது குண்டுதானே என்றார். சீப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டு மகாலிங்கத்தை ஜீப்பில் ஏற்றினார். வாயிலிருந்து இரத்தம் வழிய அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“அண்ணை, நாளைக்கு எட்டு மணிக்கு.”

பின்னேரம், அவனை ஒப்படைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். லொக்கு மாத்தயா, அதாவது பெரிய ஐயா, நாளை பத்து மணிக்குப் பிறகுதான் வருவார், அவர் வராமல் ஒருவரையும் விடமுடியாது என்றார் சார்ஜன்ற். எட்டு மணி இன்ரவியூவைப் பற்றிச் சொன்னேன். அப்படியென்றால் இன்னொரு நாள் போகலாமே என்றார். உண்மையாகவே ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

லொட்ஜுக்குத் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னே வந்திருந்தது. “என்ன அண்ணை, சீப்பு வெடிச்சிட்டுதோ?” என்றான் தவம். “மாஸ்ரர் சொல்லேக்கயே கொம்பன் விழுங்கியிருக்கலாம். இப்ப உள்ளுக்க வைச்சு வாயில தீத்தி விழுங்கப் பண்ணுவாங்கள்.” மாடிப்படி முழுவதும் சிரிப்பு. முதலாளி சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, “நாளைக்கும் அவன் வராட்டி அந்தக் கட்டிலுக்கு ஆள் இருக்கு, சொல்லுங்கோ,” என்றார். அடித்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இவர்கள் எல்லோரும் என் ஊர்ச் சனம். இன்ரவியூவுக்கென்று மகாலிங்கம் தோய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சேட்டு கொடியில் காய்ந்திருந்தது. எடுத்து அயன் பண்ணி மடித்து வைத்தேன். பக்கத்து அறையில் யாரோ சொற்களைத் தொடங்கினார்கள். லாம், ஆட்டுக்குட்டி.

மறுநாள் காலை எழும்பியதும் குளியலறை வரிசையில் நிற்கவில்லை. முதல் வேலையாக அந்தச் சேட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். வாசலில் நின்றவன் துவக்கு நுனியால் பையைத் தொட்டான். “மே மொகத்த?” என்றான். சேட்டு, ஷேர்ட், கமிச என்று மூன்று சொல்லும் தொண்டைக்கு வந்தன. மூன்றையும் விழுங்கிவிட்டுப் பையை விரித்துக் காட்டினேன்.