புறங்கைச் சூடு

மின் ஸ்கூட்டரின் சார்ஜர் பீப் பீப் என்றது. அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. கேட்டதும் ஒன்பது வயதுக்குப் போய்விடுகிறேன்.

அப்பா ஞாயிறுதோறும் மாமல்லபுரம் கடற்கரையில் ரிமோட் விமானம் விடுவார். அதன் நான்கு பேட்டரிகளைக் கூடத்தில் மணல் தட்டில் வைத்து சார்ஜ் போடுவார். ஏறி முடிந்ததும் அந்தச் சார்ஜரும் இப்படித்தான் பீப் பீப் என்னும். உப்புகிறதா, சுடுகிறதா என்று பத்து நிமிடத்துக்கொரு முறை புறங்கையை வைத்துப் பார்ப்பார். சார்ஜ் ஏறும்போது விட்டுவிட்டு நகரக் கூடாது, தீப்பிடித்துவிடும் என்பார்.

அப்படி ஒரு நாள் அம்மா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். மீன் கொடுக்க வந்த குப்பம்மா உள்ளே வந்து அவள் நெற்றியைத் தொட்டாள்.

"இன்னா சார், அக்காவுக்கு ஒடம்பு நெருப்பா கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ சார்."

"பேட்டரி சார்ஜ்ல இருக்கும்மா. இன்னும் ஒரு மணி நேரம். விட்டுட்டு வர முடியாது."

குப்பம்மாதான் ஆட்டோ பிடித்தாள். அம்மாவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வார்டுக்கு வந்த அப்பா, "நாலும் ஃபுல்" என்றார். அப்போதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வயரைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்கூட்டர் வாங்கிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

போன் அடித்தது. அப்பாதான். அம்மா போனபிறகு தனியாக இருக்கிறார்.

"லேசா ஜுரம்மா. வந்து பாத்துட்டுப் போறியா?"

சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வண்டி சார்ஜ்ல இருக்குப்பா," என்றேன். "விட்டுட்டு வர முடியாது."