சட்டையைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

இன்று காலை உறுதியான செய்தி: கிள்ளானில் ஒரு மாரியம்மன் கோயில் வாசலில், முதல்முறை வருகிறவர்களுக்காகப் புதிய அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். காலணியை வெளியே விடவும், கால் கழுவவும், வலமாகச் சுற்றவும்... கடைசி வரி, "ஆண்கள் சட்டையைக் கழற்றத் தேவையில்லை." படம் எடுத்து அனுப்பியவர் என் பழைய சக ஊழியர் லியோங்.

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் நான்தான்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் எந்நேரமும் அச்சு மையும் கீழ்க்கடை மசால்வடையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். நான் புது நிருபர். லியோங் படமெடுப்பவர். பந்திங்கில், தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் லியோங் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

அவருக்கும் கிள்ளான் கமலாவுக்கும் காதல். கமலாவின் அப்பா ராமையா அங்கிள் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர், அந்தக் கோயில் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். சீனப் பையன் என்று அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"நம்ம சாமியப் பத்தி அவனுக்கு என்னா தெரியும்? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரட்டும். பாத்துட்டு சொல்றேன்."

லியோங் நேராக என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, ரெண்டு நாள்தான் இருக்கு. எனக்கு எல்லாம் எழுதிக் கொடு லா."

எழுதினேன். டைப் அடித்து இரண்டு பக்கம். கடவுள் ஒன்று, வடிவங்கள் பல. செய்த வினை அடுத்த பிறவிக்கும் தொடரும். முதலில் பிள்ளையார், தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று. தேங்காய் உடைப்பது ஆணவம் உடைய. கற்பூரம் எரிந்து ஒன்றும் மிஞ்சாததற்கு என்ன பொருள். திருநீற்றை வலது கையில் வாங்க வேண்டும். அன்று மாமிசம் கூடாது.

இரண்டாம் பக்கத்தில் இன்னொன்றும் எழுதினேன். "ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்."

நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. அப்பா ரயில்வேயில் வேலை. நாங்கள் போகும் கோயிலில் மேற்சட்டையோடு ஓர் ஆணை நான் கண்டதில்லை. வேறு கோயில்களுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன்தான்... ஆண்களின் சட்டையைக் கவனித்ததில்லை. நிருபருக்கு அது அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நானும் துணைக்குப் போனேன். ஈரத் தரை, சாம்பிராணிப் புகை, நல்ல கூட்டம். லியோங் கால் கழுவினார். வாசல்படியில் நின்று, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பூசாரியைத் தவிர எல்லா ஆண்களும் சட்டையோடு நின்றார்கள்.

தவில்காரர் ஓர் அடி தவறினார். பெண்கள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கமலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு கல்யாணம் என் ஒரு வரியால் கெடப்போகிறது.

ராமையா அங்கிள் மெதுவாக நடந்து வந்தார்.

"ஏன்பா, ரொம்ப வேர்க்குதா?"

"இல்ல அங்கிள். பேப்பர்ல இருக்கு."

லியோங் பேண்ட் பையிலிருந்து என் இரண்டு பக்கங்களையும் எடுத்து நீட்டினார். அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதான் எழுதினியாம்மா? யாழ்ப்பாணமா?"

"ஆமா அங்கிள்."

"அதான பாத்தேன். எங்க ஆத்தா சட்டையெல்லாம் கழட்டச் சொல்ல மாட்டா."

குழு உறுப்பினர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அங்கிள் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"என்னா சிரிப்பு? நம்ம பசங்கள செருப்ப வெளிய விடச் சொன்னாலே மூஞ்சிய தூக்குறானுங்க. இவன் சட்டையவே கழட்டிட்டு வந்து நிக்கிறான்."

லியோங் அவசரமாகச் சட்டையை விரித்தார். அங்கிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, கழட்டினது வீணாப் போகக் கூடாது." பூசாரியின் தட்டிலிருந்து திருநீறு அள்ளி, லியோங்கின் நெற்றியில், தோளில், மார்பில் பட்டை பட்டையாகப் பூசினார். "வீட்டுக்கு வா, சாப்பிடலாம். இன்னிக்கி சைவந்தான்."

"அதுவும் பேப்பர்ல இருக்கு அங்கிள்."

முகத்தை மூடியிருந்த முந்தானைக்குள் கமலா அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த தை மாதம் அதே சந்நிதியில் கல்யாணம்.

இப்போது யாரும் யாரிடமும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில்லை. ஃபோனைத் தட்டினால் எந்தக் கோயிலில் என்ன வழக்கம் என்று சொல்லிவிடுகிறது. நல்லதுதான், யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் தெரியாத ஒருவர் கேட்க, அரைகுறையாகத் தெரிந்த இன்னொருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த அந்த இரண்டு நாள்... அது இப்போது யாருக்கும் வாய்ப்பதில்லை.

லியோங்-கமலாவின் மகளுக்குப் போன மாதம் ஆண் குழந்தை. என்ன பெயர் என்பது இன்னும் முடிவாகவில்லை. தமிழில் ஒன்று, சீனத்தில் ஒன்று என்று இரண்டு சீட்டுகள் அம்மன் காலடியில் இருக்கின்றன. ராமையா அங்கிள் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் எடுப்பார்.